கம்ப்யூட்டர் அம்மா கேட்கச் சொன்ன கேள்வி

எழுபதுகளின் நடுப்பகுதி. தர்மபுரி மாவட்டத்தில் ஏரியூர் பக்கம் ஒரு கிராமத்தில், சின்னத் தனியார் கிளினிக் ஒன்றில் நர்ஸாக இருந்தேன். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். மற்ற நாட்களில் எல்லாமே நான்தான். தலைக்கனமும் அதற்குத் தகுந்தபடி இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஒரு நாள் காலையில், ஏரியூருக்கு உறவினர் வீட்டுக்கு வந்திருந்த ஓர் அம்மையாரைக் காரில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒகேனக்கல் பாறையில் வழுக்கிக் காலைக் கிழித்துக்கொண்டிருந்தார். கட்டுப் போட்டு, ஊசி போட்டு, அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னேன். பேச்சுக் கொடுத்ததில், பெங்களூரில் கம்ப்யூட்டர் விஞ்ஞானி என்று தெரிந்தது. நம் நாட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதிலேயே அதில் வேலை செய்ய உட்கார்ந்த ஒரே பெண்ணாம். சொந்தக்காரர்கள் இன்னமும் அவரை டைப்பிஸ்ட் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்களாம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

கம்ப்யூட்டருக்கு நம்மைவிட மூளை அதிகமாமே என்று கேட்டேன்.

"மூளையெல்லாம் கிடையாதும்மா. அதுக்கு வெட்கப்படத் தெரியாது, அதான் அதோட நல்ல குணம். புரியாததைப் புரிஞ்ச மாதிரி தலையாட்டாது" என்றார். ஆரம்பத்தில் தப்பு வரும்போதெல்லாம் இயந்திரத்தைத்தான் திட்டுவாராம். தேடிப் பார்த்தால் தப்பு இவர் எழுதிய கட்டளையில் இருக்குமாம். அதனால் ஒரு செய்தியை அனுப்பினால், என்ன போய்ச் சேர்ந்தது என்று அந்தப் பக்கத்திலிருந்து திருப்பி அனுப்ப வைத்துச் சரிபார்ப்பதையே பழக்கமாக்கிக்கொண்டாராம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் கைக்குழந்தையோடு ஓடி வந்தாள். இரண்டு நாளாகப் பேதி. குழந்தைக்குக் கண் உள்ளே போயிருந்தது. மருந்தைக் கொடுத்துவிட்டு, "மூணு வேளை குடு. பேதி நிக்கிற வரைக்கும் தண்ணி குடுக்கறத நிறுத்தக் கூடாது, தெரிஞ்சுதா?" என்று அதட்டலாகச் சொன்னேன்.

"சரிங்க" என்றாள். இன்னொரு தரம் சொன்னேன். அதற்கும் "சரிங்க." எங்கள் பக்கத்தில் பெரிய மனுஷர், படித்தவர் யார் எதைச் சொன்னாலும் இந்தச் சொல் தானாக வரும். எதிர்த்துக் கேட்டால் மரியாதைக் குறைவு.

அவள் படியிறங்கப் போனபோது அந்த அம்மையார் மெதுவாக, "என்ன புரிஞ்சுதுன்னு ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் வேலையை எனக்கே சொல்லித்தருகிறாரா? இருந்தாலும் கூப்பிட்டுக் கேட்டேன்.

"மருந்து மூணு வேளைங்க. பேதி நிக்கிற வரைக்கும் தண்ணி குடுக்கக் கூடாதுங்க. எங்க வூட்லயும் அதத்தான் சொன்னாங்க சிஸ்டர். நேத்திலிருந்தே குடுக்கலிங்க."

‘நிறுத்த’ என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டு, வீட்டில் கேட்டதையே என் வாயிலும் கேட்டிருக்கிறாள். அவளை உட்காரவைத்து, காய்ச்சி ஆறிய தண்ணீரில் சர்க்கரையும் துளி உப்பும் கலந்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தோம். அம்மையாரும் கார் வந்தும் போகாமல், கட்டுப்போட்ட காலோடு கூடவே இருந்தார். மத்தியானத்துக்கு மேல் குழந்தை தாய் மடியிலேயே சிறுநீர் கழித்தது; உடம்பில் நீர் ஏறிவிட்டது என்று தெரிந்தது. அந்தத் தாய் ஈரப் புடவையோடு சிரித்ததைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எல்லோரும் போன பிறகுதான் வேறொரு முகம் நினைவுக்கு வந்தது. போன மாதம் இதே பேதியில் குழந்தையைப் பறிகொடுத்தவள். சொன்னபடி செய்யாமல் பிள்ளையைக் கொன்றுவிட்டாயே என்று பத்துப் பேர் முன்னால் அவளைத் திட்டியிருந்தேன். தலையைக் குனிந்தபடி போனாள். இப்போது அவளிடம் மன்னிப்புக் கேட்கத் தேடிப் போனேன். பிழைப்புக்காகக் குடும்பத்தோடு மைசூர்ப் பக்கம் போய்விட்டார்கள் என்றார்கள். அவள் நான் சொன்னதாக நினைத்ததை ஒரு சொட்டுக்கூடப் பிசகாமல் செய்திருக்கலாம் என்ற எண்ணம், நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்று இத்தனை வருடங்களுக்குப் பிறகும், யாரையாவது திட்ட வாயைத் திறக்கும்போது என்னைத் தடுத்து நிறுத்துகிறது.