நலங்கு நாளில் உரிந்த தோல்

விழுப்புரத்தில் தோல் டாக்டரம்மா என் கன்னங்களில் மருந்தைத் தடவியபோது எரிச்சல் மட்டும்தான், பயமில்லை. மேல்தோல் உரிந்தால் பருத் தழும்புகளும் குழிகளும் கொஞ்சம் மட்டுப்படும் என்றார். "கல்யாணத்துக்குள்ள ஆறிடும். உரியும்போது பிச்சிடாதீங்க. வெயில் ஆகாது. மஞ்சள், சந்தனம் எதுவும் மூஞ்சில படக்கூடாது." வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அண்ணன் ஆயுசுக்கும் கிண்டலடிப்பான். திண்டிவனம் பஸ்ஸில் வெயில் படாத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்து வந்தேன்.

சில நாள் கழித்து, காலையில் கண்ணாடியைப் பார்த்தேன். வாயோரத்தில் தோல் வெங்காயச் சருகு போலத் தொங்கியது. உரிந்த இடமெல்லாம் வெளிறிப்போய்த் திட்டுத் திட்டாக இருந்தது. உரியும் என்று தெரியும். இப்படித் திட்டாகும் என்று நான் நினைக்கவில்லை. கல்யாண மாப்பிள்ளை முகத்தில் வெளுத்த திட்டு என்றால் எங்கள் ஜனம் வெண்குஷ்டம் என்றுதான் சொல்லும். அது தொற்றாது, அதனால் ஒன்றும் கெட்டுவிடாது என்றெல்லாம் படித்திருக்கிறேன். பெண் வீட்டாரிடம் போய் அதை யார் சொல்வது? கல்யாணம் நின்றுவிடும் என்றே நடுங்கினேன்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "நார்மல்தாங்க. கிரீம் போட்டுக்கினு நிழல்ல இருங்க" என்றார். அவருக்கு நார்மல், எனக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது. கூடத்தில் அம்மா மஞ்சளைக் குழைத்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் எனக்கு நலங்கு.

மணையில் உட்கார்ந்து, வியர்வை துடைப்பதுபோல் துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டேன். கை நிறைய மஞ்சளோடு முதலில் அண்ணி குனிந்தாள். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணி, மூஞ்சில வேணாம்."

உற்றுப் பார்த்தவள் குரலைத் தாழ்த்தினாள். "இன்னா தம்பி இது?"

"தழும்பு போவ மருந்து வச்சேன்."

"பேஜாரு புடிச்ச வேல" என்று முணுமுணுத்து, மஞ்சளைக் காலில் தடவிவிட்டுத் திரும்பினாள். "தம்பிக்கு மூஞ்சில மஞ்சள் சேரலையாம். கை காலுக்கு மட்டும் வைங்க."

அண்ணி புண்ணியத்தில் தப்பித்தேன் என்று நினைத்தேன். அதற்குள் ஓர் அத்தை துண்டை விலக்கி, "அது இன்னாடா திட்டு?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டாள். அவள் வாழ்க்கைப்பட்ட ஊர் வானூர். பெண்ணுக்கும் அதே ஊர்தான். அத்தை ஊருக்குப் பஸ் ஏறுவதற்குள் நானே சொல்லிவிட வேண்டும்.

கொல்லைப்பக்கம் போய்ப் பெண்ணுக்குப் போன் செய்தேன்.

"மூஞ்சில தோல் உரியுது. வியாதி இல்ல. தழும்பு போவணும்னு நானா பண்ணிக்கினது."

சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

"தழும்பப் பாத்துதானே சரின்னு சொன்னேன்" என்றாள். "அத ஏன் போவச் சொல்றீங்க?"

போனை வைத்துவிட்டுக் கன்னத்தைத் தொடப் போனேன். டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்து கையை இழுத்துக்கொண்டேன். அந்தக் குழிகள் போய்விட்டிருக்குமோ என்று பயமாக இருந்தது.