தங்கமணியின் முறைப்பு

பிரிக்பீல்ட்ஸ் படக்கடையிலிருந்து மகள் மலர் வாங்கிவந்த படத்தைத் தம்புசாமி திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனைவி தங்கமணியின் முதலாண்டுத் திதிக்கு மாலை போட வேண்டிய படம். மலர் கைப்பேசியில் எப்போதோ எடுத்ததைக் கடைக்காரர் பெரிதாக்கியிருந்தார். பெரிதாக்கியதோடு விட்டாரா மனுஷன்? கறுத்த முகத்தை வெளுத்து, நரையை அழித்து, உடைந்த முன்பல்லை ஒட்டி, அவள் ஆயுசுக்கும் கட்டாத பட்டுப்புடவையை உடுத்திவிட்டிருந்தார். சினிமாக்காரி மாதிரி யாரோ ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள்.

எல்லார் வீட்டிலும் இப்படித்தான் செய்கிறார்கள், அம்மா அழகாக இருக்கட்டுமே என்றாள் மலர்.

"இந்தம்மா யாருன்னே தெரியலம்மா. நல்லவங்களாத்தான் இருப்பாங்க. எனக்கு உங்கம்மா வேணும்."

கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டிய காலமெல்லாம் தம்புசாமி சொன்ன நேரத்துக்கு வீடு திரும்பியதே இல்லை. கேட்டைத் திறந்ததும் வாசலில் அந்த முறைப்பு நிற்கும். புருவங்களுக்கு நடுவே கோடு விழ, வாய் நிறைய வசவு. வைது முடித்த கையோடு குழம்பைச் சூடுபண்ணப் போய்விடுவாள். மலர் அந்தப் படத்தை எடுத்தது அப்படியொரு வசவின் நடுவில்தான்; சிரிப்பு கடைக்காரர் ஒட்டியது. இந்த ஒரு வருஷமாக அவர் எப்போது வந்தாலும் கேட்க நாதியில்லை. அந்த முறைப்புக்காக அவர் ஏங்கிப்போய்க் கிடந்தார்.

மறுநாள் அவரே ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் போனார். உள்ளது உள்ளபடி வேண்டும் என்றார். கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"வெளுக்கச் சொல்லித்தான் எல்லாரும் வருவாங்க அங்கிள். இப்படிக் கேட்ட முதல் ஆள் நீங்கதான்லா."

திதியன்று உறவுக்காரர்கள் முகம் சுளித்தார்கள். திட்டுகிற படத்தையா கும்பிடுவது என்று மைத்துனர் கார்த்திகேசு முணுமுணுத்தார். மாலை போடப்போன மலர் மட்டும் அந்த உடைந்த பல்லைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

எல்லாரும் கிளம்பிய பிறகு தம்புசாமி கடைத்தெரு வரை போய்விட்டு, இருட்டும் வேளையில் திரும்பினார். கேட்டைத் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, படத்துக்கு முன்னால் வந்து நின்றார். படம் பேசாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். சாமியாகி வந்து நிற்பாள் என்றெல்லாம் அவர் நம்புகிற ஆளும் இல்லை.

"லேட்டாயிருச்சு," என்றார்.

புருவங்களுக்கு நடுவே அந்தக் கோடு அப்படியே இருந்தது. பிறகு அடுப்படிக்குப் போய்க் குழம்பை அவரே சூடுபண்ணினார்.