பஸ்ஸை மெழுகிய அத்தாயி

ராசிபுரத்தில் எந்த வீட்டுத் தரையைப் பார்த்தாலும், அதை மெழுகியது அத்தாயியா வேறு ஆளா என்று நான் சொல்லிவிடுவேன். அத்தாயியின் கை பட்ட தரையில் விரல் தடம் விசிறி விசிறியாகப் போகும். ஒரு விசிறிமேல் இன்னொன்று ஏறாது. சுவரோரம் வந்ததும் சுண்ணாம்பில் ஒரு கோடு இழுத்து முடிப்பாள். கூலிக்கு மெழுகுகிற மற்றவர்கள் பெட்டிக்கு அடியில் கை விடமாட்டார்கள். இவள் பெட்டியையும் நகர்த்துவாள், பெட்டிமேல் படுத்திருக்கும் வீட்டுக்காரரையும் எழுப்பி வெளியே துரத்துவாள். தரை காயும்வரை தாசில்தாரே வந்தாலும் வாசலில்தான் நிற்க வேண்டும்.

நான் நாச்சிமுத்து. பாலசுந்தரம் முதலாளியின் பஸ்ஸை ஓட்டியவன். ராசிபுரத்தில் கிளம்பி, மல்லூர் வழியாகச் சேலம் போய், அயோத்தியாப்பட்டணத்தில் திரும்பும் பஸ். பஸ் என்று மரியாதைக்காகத்தான் சொல்கிறேன். பின்சீட்டுக்கு முன்னால் தரைப்பலகை உளுத்துப்போய், ஒரு ஆள் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை. அதன்மேல் சாக்கைப் போட்டு வைத்திருந்தார் முதலாளி. மழைக்காலத்தில் ரோட்டுத் தண்ணீர் அந்த வழியாக வந்து ஜனங்களின் முழங்காலைக் கழுவிவிட்டுப் போகும். நான் சொல்லாத நாளில்லை. "நீ ரோட்டெப் பாத்து ஓட்டு. தரையெ ஏறுறவன் பாத்துக்குவான்" என்பது அவர் பதில்.

அந்த ஓட்டையில்தான் அத்தாயியின் கோழி போனது.

அத்தாயிக்குத் தாயில்லை. தங்கை பழனியம்மாளை வளர்த்து அயோத்தியாப்பட்டணத்தில் கட்டிக்கொடுத்தது அவள்தான். தங்கை முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் அடித்துக் குழம்பு வைத்துக் கொடுக்க ஒரு கோழியைப் பிடித்துக்கொண்டு என் பஸ்ஸில் ஏறினாள். காலைக் கட்டிச் சாக்கின்மேல் வைத்தாள். மல்லூர் தாண்டிக் குனிந்து பார்த்தால் சாக்கும் இல்லை, கோழியும் இல்லை. வண்டியை நிறுத்தித் தேடினோம். சாக்கு மட்டும் கிடைத்தது. திரும்பி வந்து முதலாளியிடம் நியாயம் கேட்டாள்.

"கோழிக்கு டிக்கெட் வாங்குனியா?" என்றார் அவர்.

"இல்லீங்க."

"டிக்கெட் இல்லாத உருப்படி எங்க எறங்குனா எனக்கென்ன?"

அவள் ஒன்றும் பேசவில்லை. அத்தாயி பேசாமல் போனால் விஷயம் முடியவில்லை என்று அர்த்தம். இது முதலாளிக்குத் தெரியாது.

பிறகு தங்கை பேறுகாலத்துக்கு அக்கா வீட்டுக்கே வந்தாள். ஆண் குழந்தை பிறந்தது. மாதம் மூன்றானதும் பிள்ளையோடு புருஷன் வீட்டுக்குக் கொண்டுபோய் விட வேண்டும். போவதற்கு என் பஸ்ஸை விட்டால் வேறு வழியில்லை. ஒரு நாள் அத்தாயி என்னிடம் வந்து, "டிரைவரண்ணா, அந்தப் பொந்து அப்படியேதான் கெடக்குதுங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். "கோழி போன வழியில கொழந்தெ போகாதுன்னு என்னுங்க நிச்சயம்?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். 

கள்ளுக்கடைகளை மூடினார்களே, அதற்கு மறு வருஷம் அது. பஸ்ஸுக்குத் தகுதிச் சீட்டு புதுப்பிக்க வேண்டிய நாள் வந்தது. சேலம் அஸ்தம்பட்டியில் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டியை நிறுத்த வேண்டும். புதிதாக வந்திருப்பவர் சுத்தக்காரர், அழுக்கைக் கண்டால் பேனாவையே திறக்கமாட்டார் என்று யாரோ முதலாளி காதில் போட்டுவிட்டார்கள். பலகையை மாற்றுவதற்குப் பதில் பளபளப்பாக்கிவிடலாம் என்று அவர் முடிவு செய்தார். ஊரிலேயே அழுக்கு எடுப்பதில் பேர் வாங்கியது யார்? முந்தின நாள் காலையில் அத்தாயிக்கு ஆள் போயிற்று.

"வெளிய தொடெச்சுப்போடு, சீட்டெல்லாம் கழுவிப்போடு. ஹாரன் தகதகன்னு இருக்கோணும். ஆனா பின்னால அந்தச் சாக்கெத் தொடாதெ. அடியில ஒட்டியிருக்கிற சேத்தையும் தொடாதெ" என்றார்.

"அதென்னுங்க, அதெ மட்டும்?"

"தொடாதென்னா தொடாதெ."

இப்படிச் சொன்னால் அத்தாயி எங்கே கை வைப்பாள் என்று ராசிபுரத்தில் எந்த வீட்டுக்காரரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். முதலாளி சேலத்துக்குப் பட்டுச் சேலை விஷயமாகப் போய்விட்டு மாலையில் வந்தார். அதற்குள் பித்தளை ஹாரனைப் புளி போட்டுத் துலக்கியிருந்தாள். விளக்குகளுக்குச் சாம்பல். சீட்டுகளுக்கு அரப்பு போட்டு, எண்ணெய் தேய்த்த தலையைப் போல அலசியிருந்தாள். சாக்கை உதறித் துவைத்து வேலியில் காயப்போட்டாகிவிட்டது. வண்டிக்கு அடியில் படுத்துக் கடப்பாரையால் சேற்றையெல்லாம் பெயர்த்தும் போட்டிருந்தாள். பஸ்ஸுக்குள் சூரிய வெளிச்சம் கீழேயிருந்து வந்துகொண்டிருந்தது. ஓட்டைக்குக் கூட்டாளியாக இன்னும் இரண்டு சின்ன ஓட்டைகளும் வெளிப்பட்டிருந்தன.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ரேடியேட்டரைப் பார்க்கப்போவதுபோல் முன்னால் போய்விட்டேன்.

"தச்சனெக் கூப்புட்டுப் பலகெ போட்டுறலாமுங்க" என்றாள் அத்தாயி.

"விடிஞ்சா இன்ஸ்பெக்டரு. எந்தத் தச்சன் இப்ப வருவான்? நீதானெ எடுத்தெ, எடுத்த சேத்தெ எடுத்த எடத்துல வெச்சு ஒட்டு."

"அழுக்கெ ஒட்டற வேலெ எனக்குத் தெரியாதுங்க." கொஞ்சம் யோசித்தாள். "பொந்தெ மூடித் தரெ மெழுகத் தெரியுமுங்க. நம்மூட்டுப் பரணெல்லாம் அப்படித்தானுங்க இருக்குது."

"எதையோ செய்யி. ஓட்டெ தெரியக்கூடாது."

மூங்கிலைப் பிளந்து குறுக்கே பரப்பினாள். வைக்கோல் துணுக்குப் போட்டு மிதித்த மண்ணை அப்பினாள். மேலே சாணி கரைத்து மெழுகினாள். பிறகு வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து அடிப்பக்கத்தையும் மெழுகத் தொடங்கினாள். சாணித் தண்ணீர் முகத்தில் சொட்டச் சொட்ட ஒரு வார்த்தை பேசாமல் செய்தாள். முதலாளி உள்ளே எட்டிப் பார்த்தார். ஓட்டை இல்லை. திருப்தியாக வீட்டுக்குப் போய்விட்டார். அடியில் குனிந்து பார்த்தவன் நான் ஒருவன்தான். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லையே.

மறுநாள் பால்குடம் கொண்டுபோகிறவன்போல வண்டியை ஓட்டினேன். வழிப்புழுதியை அங்கே போய்த் துடைக்க அத்தாயியும் கூட வந்தாள். இன்ஸ்பெக்டர் ஒட்டடைக்குச்சி மாதிரி உயரமான மனிதர். ஹாரனில் தன் மீசையைப் பார்த்துக்கொண்டார். சீட்டை முகர்ந்து பார்த்து, "பரவாயில்லையே" என்றார். பிரேக் பிடித்தது, விளக்கு எரிந்தது. முதலாளி சட்டைப் பையிலிருந்து தானே பேனாவை எடுத்து நீட்டினார்.

"அடியையும் பார்த்துவிடுகிறேன்" என்று தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, இன்ஸ்பெக்டர் வண்டிக்கு அடியில் தலையை விட்டார். விட்ட தலை ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

அங்கே சாணித் தரையில் விசிறி விசிறியாக விரல் தடம் ஓடியது. சுற்றிலும் சுண்ணாம்பில் ஒரு கோடு. அதற்குப் பக்கத்தில் செம்மண்ணில் இன்னொரு கோடு.

வெளியே வந்து முழங்கால் தூசியைத் தட்டினார். "இந்த பஸ்ஸில் யாருய்யா குடியிருக்கிறார்கள்?" என்று என்னைக் கேட்டார்.

நான் முதலாளியைப் பார்த்தேன். முதலாளி வானத்தைப் பார்த்தார்.

"நீங்கள் ஏறி அந்தப் பின்சீட்டுக்கு முன்னால் நின்று காட்டுங்கள்" என்றார் இன்ஸ்பெக்டர். முதலாளி நல்ல பருமன். ஏறினார். மெழுகிய இடத்துக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு காலை மட்டும் தூக்கினார். தூக்கிய கால் இறங்கவில்லை.

"மிதிச்சுப்போடாதீங்க" என்றாள் கீழே நின்ற அத்தாயி, எந்த வீட்டிலும் சொல்கிற அதே குரலில். "உள்ள இன்னும் ஈரமுங்க."

இன்ஸ்பெக்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "நீதானா? எதற்கம்மா அடியில் கோலமெல்லாம்?"

"ஓட்டெ தெரியக்கூடாதுன்னு முதலாளி சொன்னாருங்க. வேலென்னு செஞ்சா அரையுங் கொறையுமா உட முடியுங்களா?"

இன்ஸ்பெக்டர் சிரித்த சிரிப்பில் பேனா கையிலிருந்து விழுந்தது. ஆனால் கையெழுத்து மட்டும் விழவில்லை. முழுத்தரைக்கும் புதுப் பலகை போட்டுக் கொண்டுவந்தால்தான் தகுதிச் சீட்டு, அதுவரை வண்டி ரோட்டில் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

அவள் தெரிந்துதான் செய்தாளா, கைப்பழக்கமா என்று நான் பிறகு எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "கோடு இழுக்காட்டி எனக்குத் தூக்கம் வராதுங்கண்ணா" என்பாள். அதற்குமேல் அவள் வாயைக் கிளற எனக்குத் தெரியவில்லை.

முதலாளி என்மேலும் அவள்மேலும் எரிந்து விழுந்தார். ஆனால் ஓடாத பஸ் சோறு போடாது. வேங்கைப் பலகை வந்தது. இடுக்குகளுக்குத் தாரும் ஊற்றினார்கள். தகுதிச் சீட்டும் கிடைத்தது.

பழனியம்மாள் புருஷன் வீட்டுக்குக் கிளம்பிய நாளில் அத்தாயிதான் முதலில் ஏறினாள். பஸ் முழுக்க நடந்து ஒவ்வொரு பலகையையும் குதிகாலால் இடித்துப் பார்த்தாள். ஜனங்கள் கீழே காத்திருந்தார்கள். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பிறகுதான் தங்கையைக் கைப்பிடித்து ஏற்றி, பின்சீட்டில் உட்காரவைத்தாள். அவள் கால் வைத்தது பழைய ஓட்டை இருந்த அதே இடத்தில்.

மல்லூர் தாண்டியதும் குழந்தை மூத்திரம் போய்விட்டான். அன்றைக்கு முதலாளியும் வண்டியில் இருந்தார். புதுப் பலகை நனைவதைக் கண்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பினார். அத்தாயி குனிந்து அந்த ஈரத்தையே பார்த்தாள். அது நின்ற இடத்திலேயே நின்றது. ஒரு சொட்டுக்கூடக் கீழே போகவில்லை.

"முதலாளி, பாத்துக்குங்க" என்றாள். "இப்பத்தானுங்க உங்க பஸ்ஸு பாசாயிருக்குது."

பஸ்ஸே சிரித்தது. முதலாளியின் மீசைக்கடியிலும் ஏதோ அசைந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன்.  அத்தாயி முந்தானையை எடுத்து, யாரும் சொல்லாமலே அந்தப் பலகையை ஓரம்வரை துடைத்தாள்.