வலது காலுக்கு ஒரு மேடு

என் வீட்டுக்காரருக்கு கோல்ஃப் வந்து சேர்ந்ததே நெஞ்சுவலியால்தான். அடைப்பை எடுத்த பிறகு டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: ஏற்ற இறக்கம் கூடவே கூடாது, சமதளத்தில் மட்டும் நடக்கலாம். மலைச்சரிவில் ஏலக்காய் போட்டிருக்கிற தோட்டக்காரரிடம் போய்ச் சொல்கிற பேச்சா இது? எங்கள் தோட்டத்தில் சமதளம் என்று இருப்பதே காய் உலர்த்துகிற ஸ்டோரின் தரை மட்டும்தான். தோட்டத்தை மகனிடம் விட்டுவிட்டு, மலையடிவாரத்தில் போடியில் இருக்கிற வீட்டுக்கு வந்தவர், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். கூப்பிட்டால் எழுந்து வந்து சாப்பிடுவார். மறுபடியும் சுவர்.

அவருடைய பள்ளிக்கூடத்துச் சேக்காளி ஒருவர் போடிமெட்டுக்கு மேலே தன் தேயிலைத் தோட்டத்து ஓரமாகச் சின்னதாக ஒரு கோல்ஃப் மைதானம் போட்டிருக்கிறார். "புல்லு பூரா பாய் விரிச்சாப்ல இருக்கும் மாப்ளே, சும்மா வந்து நில்லு" என்று ஜீப்பை அனுப்பி இழுத்துக்கொண்டு போனார். நானும் தொற்றிக்கொண்டேன். முதல் நாளே மனிதர் முகத்தில் களை வந்துவிட்டது. ராத்திரி சாப்பிடும்போது வாய் ஓயாமல் பேசினார். பந்து எங்கே போய் விழவேண்டும் என்றுகூடத் தெரியாத எனக்கு, அந்த விளையாட்டின்மேல் அப்படியொரு பிரியம் வந்துவிட்டது.

ஆனால் பந்து கிளம்பினால்தானே! மட்டையைப் பின்னால் தூக்கும்போது உடம்பு இருந்த இடத்திலேயே திரும்பவேண்டுமாம். இவருக்கோ இடுப்பும் தலையும் சேர்ந்து வலப்பக்கம் நகர்ந்துவிடும். அங்கிருந்து அடிக்க வந்தால் மட்டை பந்துக்கு முன்னாலேயே மண்ணைக் கொத்தும். சேக்காளி அவர் இடுப்போரமாக ஒரு குச்சியை நட்டு, "இதுல இடிக்காமத் தூக்கு மாப்ளே" என்றார். குச்சிதான் சாய்ந்தது. வீட்டில் பீரோவை ஒட்டி நின்று பழகினார். பீரோ நெளிந்தது, அவர் திருந்தவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே விளையாட வந்திருந்த ஒருவர் சத்தமாகவே கேட்டுவிட்டார். "என்ன அண்ணே, கிழங்கு தோண்டுறீங்களா?" எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். மட்டையைச் சேக்காளியிடம் கொடுத்துவிட்டு, "இந்தச் சோலி எனக்கு வேணாம்ப்பா" என்றார். ஜீப்பு வளைவு வளைவாக இறங்கியது. வீட்டுக்கு வந்ததும் மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார்.

அந்தக் கிழங்குக்காரரை மனசுக்குள் நான் வைத வசவை இங்கே எழுத முடியாது. இவர் இனி எழுந்திருக்கவே மாட்டாரோ என்று பயமாக இருந்தது. ஆத்திரத்தில் அடுப்படியில் நின்று விளக்குமாற்றைத் தூக்கி, அவர் செய்கிற மாதிரியே செய்து பார்த்தேன். அப்படி என்னதான் தப்பு? வலப்பக்கம் நகர்ந்து, பாரமெல்லாம் வலது காலில் விழுந்ததும், அட, இப்படி நிற்பது எனக்குத் தெரிந்ததாயிற்றே! காய் எடுப்பு நடக்கும்போது சரிவில் அவர் இப்படித்தான் நிற்பார். வலது காலை மேட்டில் ஊன்றி, உடம்பை மேட்டுப்பக்கம் சாய்த்து. சறுக்காமல் இருக்க அந்த உடம்பு கற்றுக்கொண்டது அதுதான். சமதளத்தில் நிறுத்தினாலும் பாவம், அது மேட்டைத் தேடிக்கொண்டு போகிறது.

கதவுக்கு அண்டக்கொடுக்கிற மர ஆப்பைக் கழுவிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். "எனக்காக ஒரே ஒரு தடவ வாங்க. அப்புறம் வேணாம்னா வேணாம்" என்று கெஞ்சி, திட்டி, கடைசியில் அழுது, ஆள் இல்லாத நாளாகப் பார்த்து மலைக்குக் கூட்டிப்போனேன். அவர் பந்துக்கு முன்னால் நின்றதும் குனிந்து, வலது பூட்சின் வெளிப்பக்கத்துக்கு அடியில் ஆப்பைச் செருகினேன்.

"கட்டுன பொண்டாட்டியே ஆப்பு வைக்கிறா பாருடா" என்றார் சேக்காளியிடம்.

"பேசாம அடிங்க."

மட்டையைத் தூக்கினார். தேடிய மேடு காலுக்கடியிலேயே இருந்ததால் இடுப்பு நகரவில்லை, திரும்பியது. டக்கென்று ஒரு சத்தம். பந்து தேயிலைச் செடிகளுக்கு மேலே ஏறிப் போனது. சேக்காளி, "ஆத்தாடி!" என்று கைதட்டினார்.

இவர் பந்தைப் பார்க்கவில்லை. ஆப்பின்மேல் வலது காலை மெல்ல அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்னங்க, நெஞ்சு வலிக்குதா?" எனக்கு உயிரே போய்விட்டது.

"இல்ல புள்ள. நம்ம ஏலக்காட்டுல நிக்கிற மாதிரியே இருக்கு" என்றார். "எத்தன நாளாச்சு."

எனக்கு அடக்க முடியவில்லை. அங்கேயே முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதேன்.

"ஏ, அழுகாத" என்று அதட்டினார் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "வெரசா அடுத்த பந்தைக் கொண்டா."