நிழலில் வைத்த வாங்குகள்

1. கடுங்குளிர் ஊர்களுக்குக் கட்டடம் வடிவமைக்கும் கனடா நிறுவனம் ஒன்று என்னை ஆறு மாதச் சோதனைக் காலத்துக்கு எடுத்தது. சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு மேல்மாடியில் இருந்தே வேலை.
2. அந்த நாட்டின் வடக்கே ஒரு சின்ன ஊரின் பொது மண்டபமும் அதையொட்டிய பஸ் தரிப்பிடமும் என் கைக்கு வந்தன.
3. சுவரின் தடிப்பு, மூன்று அடுக்குக் கண்ணாடி, சூடு கசியாத மூட்டுகள் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து வரைந்தேன்.
4. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் உட்கார, மண்டபத்தின் வடக்குப் பக்கம் வாங்குகள் போட்டேன்.

இந்த வேலை நிலைக்காவிட்டால் நான் வேறு வேலை தேடிக் கொழும்புக்குப் போகவேண்டும். வாப்பா மௌத்தான பிறகு வீட்டில் உம்மாவும் நானும்தான். "போறதெண்டா போங்க மகள்" என்பார் உம்மா. சொன்ன கையோடு அடுப்படிக்குப் போய்விடுவார். அடுத்த வளவில் இருக்கும், எனக்கு மூத்த ராத்தாவுக்கு என் வேலை எப்போதும் பகிடிதான். "குளிர் ஊருக்கு வீடு கீறுறவ, இஞ்ச ஃபேன் நிண்டா அழுறா" என்று மாமிமாரிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தக் கனடா ஊர்க்காரர்களுக்கு வரைபடத்தைக் காட்டும் கூட்டம் அங்கே இரவில் நடந்தது, இங்கே காலை. என் மேற்பார்வையாளர் திரையில் இருந்தார். நான் சுவர்களைப் பற்றி நன்றாகவே விளக்கினேன். அப்போது அந்த ஊர்ப் பெண் ஒருவர், வாங்குகள் இருக்கும் இடத்துக்கு வெயில் வருமா என்று கேட்டார்.

"வராது. அதற்காகத்தான் அங்கே வைத்தேன்" என்றேன், கொஞ்சம் பெருமையோடு.

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு விளங்கியது, அவர்களுக்கு வேண்டியது வெயில் என்று. நான் ஏன் நிழலைத் தேடினேன் என்று காட்ட மடிக்கணினியைத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பினேன். கீழே பஸ் தரிப்பில் நாலைந்து பேர், மின்கம்பத்தின் நீண்ட ஒற்றை நிழலுக்குள் ஒருவர் பின் ஒருவராக நின்றுகொண்டிருந்தார்கள்.

அந்தப் பெண் சிரித்துவிட்டார். "நாங்களும் இப்படித்தான் நிற்போம். இரண்டு கட்டடத்துக்கு நடுவில் வெயில் விழும் கோட்டில்."

கூட்டம் முடிந்ததும் மேற்பார்வையாளர் என்னை மட்டும் இருக்கச் சொன்னார். சோதனைக் காலம் இத்தோடு சரி என்று நினைத்தேன். தானும் அதைக் கவனிக்காமல் விட்டதாகச் சொன்னார். வேறு யாரிடமும் கொடுக்கப்போவதில்லை, நீயே மாற்று என்றார்.

மாற்றினேன். இப்போது தெற்குச் சுவரோடு ஒரு கண்ணாடி விறாந்தை; வாங்குகள் அதற்குள். சாய்வாக வரும் குளிர்கால வெயில் அதைச் சூடாக்கும். மண்டபம் வாடைக்காற்றை மறிக்கும். மண்டபக் கதவும் அந்த விறாந்தைக்குள்தான் திறக்கும். அதனால் ஆட்கள் போய் வரும்போது உள்ளேயுள்ள சூடு வெளியே ஓடாது. கணக்குப் பார்த்தபோது சூடாக்கும் செலவு முந்திய வரைபடத்தைவிடக் குறைந்தது. அந்தப் பெண் கேட்டிராவிட்டால் நான் இதை யோசித்தே இருக்கமாட்டேன். அவரை நினைத்துப் பலமுறை துஆ செய்திருக்கிறேன்.

மண்டபம் இன்னும் எழவில்லை. நிலத்தில் உறைபனி இளகிய பிறகுதான் தோண்டுவார்கள். என் வேலை, அல்ஹம்துலில்லாஹ், நிலைத்துவிட்டது. உம்மாவோடு சாய்ந்தமருதிலேயே இருக்கிறேன்.