வேனில் ஓடிய படம்

அந்தத் திரை இரண்டு சாண் அகலம்கூட இருக்காது. கண்டிக்கு மேலே ஹந்தானை மலையிலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுவரும் வேனில், டிரைவர் ஆசனத்துக்குப் பின்னால், சின்ன முகங்களுக்கு நேரே பொருத்தியிருந்தது. இன்றைக்கும் எந்த ஸ்கூல் வேனைக் கண்டாலும் என் கண் முதலில் அந்த இடத்துக்குத்தான் போகிறது.

அதை நான் அறிந்தது என் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியால். ஒருநாள் இடைவேளையில் பக்கத்துப் பிள்ளையின் முடியைப் பிடித்து, கழுத்தில் கோடு போடும் அடிமட்டத்தை வைத்து இழுத்தாள். பிடுங்கிக்கொண்டு, எங்கே கற்றாய் என்று கேட்டேன். "வேன்ல பாத்தது டீச்சர். மண்டையத் தூக்கிப் புடிச்சாத்தான் வெட்ட ஏலும்" என்றாள். பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்.

தாயைக் கூப்பிட்டேன். டவுனில் ஓர் அலுவலகத்தில் கிளார்க் வேலை பார்ப்பவர், அதிகம் பேசமாட்டார். மகள் சில வாரங்களாக ராத்திரியில் விளக்கை அணைக்க விடுவதில்லையாம், அலறி எழும்புகிறாளாம். எதையோ பார்த்துப் பயந்துவிட்டாள் என்று கோயிலுக்குக் கூட்டிப்போய் நூல் கட்டியிருந்தார்கள். எதைப் பார்த்தாள் என்று யாரும் கேட்கவில்லை. காரணம் தெரிந்ததும் தாய் அழவில்லை. "சரி டீச்சர், இத நான் விடப்போறதில்ல" என்று எழும்பினார்.

பிள்ளைகள் 'வேன் மாமா' என்று கூப்பிடும் அந்த டிரைவர் பொல்லாதவர் இல்லை. வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து, பூவைப்போலக் கொண்டுவந்து இறக்குவார். வளைவுகளில் பிள்ளைகள் எழும்பி நிற்கிறார்களே என்ற பயத்தில்தான் திரையையே வாங்கிப் பொருத்தினார். கடையில் யாரோ பென் டிரைவில் படங்களை நிரப்பிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து வேனில் மூச்சுச் சத்தம் இல்லை. மற்றப் பெற்றோருக்குப் பெரிய நிம்மதி. இந்தத் தாய் வீடு வீடாக ஏறி இறங்கியபோது, "ஒங்க புள்ளைக்கு மட்டுந்தானா பயம்?" என்று சிரித்தார்கள். வேன் மாமாவும், "புடிக்கலேன்னா வேற வேன் பாத்துக்கங்கம்மா" என்றுவிட்டார். அந்தப் பக்கத்துக்கு வேறு வேன் கிடையாது. மகளின் இடம் போனால் தாய் தன் வேலையை விட வேண்டியதுதான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பள்ளிக்கூட அதிபரிடம் சொல்லி வேனை வாசலிலேயே நிறுத்திவிடப் பார்த்தேன். தாய்தான் தடுத்தார். பெற்றோர் கூட்டத்தில் கொஞ்ச நேரம் கேட்டார், வேன் மாமாவையும் பென் டிரைவோடு வரச் சொன்னார். தன் பக்கம் நியாயம் என்ற தைரியத்தில் அவரும் வந்தார். பிள்ளைகளை வெளியே விளையாட விட்டோம். வேனில் ஓடும் படத்தை வகுப்பறைத் திரையில் தாய் அப்படியே போடச் சொன்னார். முதலில் ஒரு பாட்டு, எல்லாருக்கும் சிரிப்பு. பிறகு கத்தி வந்தது. ஒரு தகப்பன் உட்கார்ந்திருந்த கதிரையில் நெளிந்தார். ஜன்னலில் இரண்டு சின்ன முகங்கள் எட்டிப் பார்த்தன.

"டீச்சர், நிப்பாட்டுங்க. புள்ளைங்க பாக்குதுங்க." குரல் கொடுத்தது வேன் மாமாதான்.

"வேன்லயும் இதே புள்ளைங்கதானே அண்ணே" என்றார் தாய்.

வேன் மாமா மெதுவாக, "நான் ரோட்டத்தானேம்மா பாத்துக்கிட்டு வர்றேன்" என்றார். உண்மைதான். அந்த வேனில் இருந்த ஒரே பெரிய மனிதர் அந்தப் படத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. அன்றே திரையைக் கழற்றிவிட்டார். பிள்ளைகள் எழும்பாமல் பார்த்துக்கொள்ளப் பெற்றோர் முறைவைத்து வேனில் வரத் தொடங்கினார்கள். முதல் முறை அந்தத் தாயுடையது, அலுவலகத்தில் பிந்திப் போனதற்கு ஏச்சும் வாங்கிக்கொண்டார்.

வருடங்கள் ஓடிவிட்டன, இப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் கையில் ஒரு திரை. எதைக் கழற்றுவது? "போனக் குடுத்தா சத்தமே இல்ல டீச்சர்" என்று பெருமைப்படும் பெற்றோரிடம், பக்கத்தில் உட்கார்ந்து அதை முழுக்கப் பாருங்கள் என்று சொல்கிறேன். முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும், அடுத்த கூட்டத்திலும் சொல்லத்தான் போகிறேன்.

போன வாரம் பஸ்ஸில் அந்தத் தாயையும் மகளையும் கண்டேன். மகள் என் உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள். ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு ஒரே போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன படம் என்று கேட்டேன்.

"கொரியாப் படமாம். எனக்கு ஒண்ணும் வெளங்கல்ல டீச்சர்" என்றார் தாய், கண்ணை எடுக்காமல். "ஆனா நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."