வாய்க்காலில் நின்ற பொக்லைன்

போன வருஷத்துக்கு முந்தின கார்த்திகை மாசம். வில்லியனூரைத் தாண்டி உறுவையாறு பக்கம் ஒரு கிராமம். ராத்திரி பிடிச்ச மழை விடிஞ்சும் விடலை. ஏரித் தண்ணி போற வாய்க்கால்ல, சின்னப் பாலத்துக்கு அடியில ஆகாயத்தாமரை அடைச்சுக்கிட்டு, தண்ணி தெருப் பக்கம் திரும்புதுன்னு முதலாளி போன் பண்ணினார். நான் பொக்லைன் ஓட்டுறவன். மழைன்னா ஊரே வூட்டுக்குள்ள முடங்கும், எனக்கு மட்டும் அன்னைக்குத்தான் பொழப்பு.

கரையில நிறுத்திப் பார்த்தேன், பாலத்துக்கடி வரைக்கும் பக்கெட் எட்டலை. சரின்னு வண்டியை வாய்க்காலுக்குள்ளயே இறக்கிட்டேன். குறுகலான வாய்க்கால், ரெண்டு கரையையும் உரசிக்கிட்டுதான் வண்டி நின்னுச்சு. கொஞ்சம்தான் அள்ளிப் போட்டிருப்பேன், இன்ஜின் இருமுச்சு. வேகத்தைக் கூட்டினா இன்னும் திணறுச்சு. ஒரு குலுக்கல், அவ்ளோதான், அணைஞ்சு போச்சு.

போச்சுடா! அடைப்பு எடுக்க வந்த நானே இப்ப பெரிய அடைப்பு. வண்டிக்குப் பின்னாடி தண்ணி கிடுகிடுன்னு ஏறி, கரையோர வூடுங்களோட வாசப்படியைத் தொட்டுடுச்சு. ஜனங்க கரையில கூடிட்டாங்க. "இன்னாபா, வாய்க்காலைத் தூர்க்கவா வந்த?"ன்னு ஒருத்தர் கத்தினார். எனக்கும் வாய் சும்மா இருக்காது, மூக்குக்கு மேல கோபம் வரும். ஆனா அந்தத் தண்ணியைப் பார்த்ததும் கோபத்தை முழுங்கிட்டு வண்டியை விட்டு இறங்கினேன்.

பின்பக்க மூடியைத் திறந்தேன். டீசல் பில்டருக்கு அடியில கண்ணாடி மாதிரி ஒரு கிண்ணம் இருக்கும். டீசல்ல கலந்து வர்ற தண்ணி அதுல வந்து தங்கும். வெளியிலேருந்து பார்த்தாலே தெரியும், உடனே அடித் திருகைத் தொறந்து விட்டுடலாம். எங்க வண்டியில இன்னா தெரியும்? ஆயுத பூஜை அன்னைக்கு முதலாளி வூட்டுல எல்லாரும் சேர்ந்து வண்டிக்குப் பட்டை போட்டாங்க. பளபளன்னு இருந்த அந்தக் கிண்ணத்துக்குத் தனி மரியாதை. சுத்தி விபூதி, நடுவுல சந்தனம், அதுமேல குங்குமம். எல்லாம் காய்ஞ்சு இறுகிக் கிடந்துச்சு. சாமிக்கு வெச்சதை எவன் துடைப்பான்? கட்டை விரலால வழிச்சுப் பார்த்தா, கழுத்து வரைக்கும் தண்ணி! வண்டிக்கு டீசல் ஊத்துற பேரல் மழையில வெளியவே நின்னுது, மூடி வழியா இறங்கியிருக்கு.

தண்ணியில ஊறின பில்டர் இனி ஆகாது. புது பில்டர் சீட்டுக்குப் பின்னாடி இருந்துச்சு. மாத்துறது எனக்குப் பெரிய வேலை இல்லை. மழைதான் வில்லன். பழசைக் கழட்டின இடத்துல மழைத் தண்ணி விழுந்தா புதுசும் கெட்டு, பம்பும் கெட்டுடும். சட்டையைக் கழட்டி ஒரு கையால பிடிச்சுக்கிட்டு மறு கையால திருகிப் பார்த்தேன். ம்ஹூம். சட்டையே நனைஞ்சு ஊத்துது.

அப்ப கரையில முதல் வூட்டுக்கார அக்கா கேட்டாங்க. "தம்பி, மழை படாம இருந்தா சரி பண்ணிடுவியா?"

"பண்ணிடுவேன்க்கா."

விறுவிறுன்னு போனவங்க, பெரிய நீலத் தார்ப்பாயைத் தோள்ல போட்டு இழுத்துக்கிட்டு வந்தாங்க. "வேடிக்கை பாக்காம வாங்கடி, ஆளுக்கொரு மூலை புடிங்க!"ன்னு ஒரு அதட்டல். இந்தக் கரையில ரெண்டு பேர், அந்தக் கரையில ரெண்டு பேர், என் தலைக்கு மேல தார்ப்பாயை விறைப்பா இழுத்துப் பிடிச்சாங்க. என்னைப் பார்த்துக் கத்தின மனுஷனும் ஒரு மூலையைப் பிடிச்சார். நான் கிண்ணத்தைத் துடைக்கிறதைப் பார்த்து அந்த அக்கா, "ஏன்பா, பொட்டு வெக்க வண்டிக்கு வேற நெத்தியே கெடைக்கலையா?"ன்னாங்க. அந்த நேரத்துலயும் எல்லாரும் சிரிச்சுட்டாங்க.

டேங்குக்கு அடியில தங்கின தண்ணியை வாளியில பிடிச்சு எடுத்தேன். பழைய பில்டரைக் கழட்டி, புதுசோட ரப்பர் வளையத்துல டீசலைத் தடவி, கையாலயே இறுக்கினேன். குழாய்ல காத்து நின்னா வண்டி எடுக்காது. அதனால மேல இருக்கற திருகைத் தளர்த்திட்டு கைப் பம்பை அழுத்த ஆரம்பிச்சேன். நுரை நுரையா வந்துது. நுரை நின்னு டீசல் மட்டும் வர்ற வரைக்கும் அழுத்தினேன். உள்ளங்கை எரியுது, மேல இருக்கறவங்க கையும் வலிச்சிருக்கும், ஒருத்தர்கூட மூலையை விடலை.

சாவியைத் திருப்பினேன். எடுக்கலை. இறங்கி இன்னும் கொஞ்சம் பம்ப் பண்ணிட்டு வந்து திருப்பினேன். வெள்ளைப் புகையைக் கக்கிட்டு ஒரு உறுமல் உறுமுச்சு பாருங்க, கரையில விசில் பறந்துச்சு. ஆகாயத்தாமரையை வாரி வாரிக் கரையில போட்டேன். பாலத்துக்கடியில தண்ணி திறந்துக்கிட்டு ஓடுச்சு. எந்த வூட்டுக்குள்ளயும் தண்ணி நுழையலை.

தார்ப்பாயை மடிச்சு எடுத்துக்கிட்டு அந்த அக்கா வூட்டுக்குப் போனேன். "இதை எங்க வைக்கட்டும்க்கா?"னு கேட்டேன். மேல கையைக் காட்டினாங்க. நிமிர்ந்து பார்த்தா, கூரையில ஒரு பக்கம் ஓடே இல்லை! அந்த இடத்தை மூடியிருந்த தார்ப்பாயைத்தான் உருவிக்கிட்டு வந்திருக்காங்க. அவ்ளோ நேரமும் மழை நேரா வூட்டுக்குள்ள பேஞ்சிருக்கு. பாய், தலையணை எல்லாம் ஊறிப் போய்க் கிடக்கு.

"அய்யோ, இன்னாக்கா இது!"ன்னு பதறிட்டேன்.

"கூரையில வர்ற தண்ணியை அண்டா வெச்சுப் புடிச்சுக்கலாம். தெருவுல வர்றதை எதுல புடிக்கிறது? பேசிக்கினு நிக்காத, ஏறிக் கட்டு."

ஏறிக் கட்டும்போது எனக்கு அழுகை வந்துடுச்சு. இறங்கினதும் டீ குடுத்தாங்க.

இப்ப எங்க பேரல் கொட்டகைக்குள்ள இருக்கு. ஆனா, திட்டு வாங்கிட்டுப் போக வேண்டிய எனக்குத் தன் வூட்டுக் கூரையையே உருவிக் குடையாப் பிடிச்ச அந்த அக்காவை நினைக்காம, அதுக்கப்புறம் ஒரு பில்டரைக்கூட நான் மாத்தினதில்லை.